ஒரே பானை, இரண்டு ரத்தம்

இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிஷம் இருந்தது. கடைசி இட்லியை விழுங்கிய நேரம் எட்டு நாற்பது என்று லேப் பெண் சுகிர்தா சீட்டில் எழுதிக்கொண்டாள், பத்து நாற்பதுக்குத்தான் மறுபடி ஊசி, அதுவரை ஜெனோவா இந்த ஓட்டை ஓட்டையான இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு வருஷமாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதே பெஞ்சு, இதே ஃபினாயில் வாடை, சுவரில் சிரிக்கிற அதே தக்காளியும் கேரட்டும். இன்றைக்கு ஒரே ஒரு வித்தியாசம், பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் மிக்கேலின் முழங்கை மடிப்பிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒட்ட வைத்தவள் அவள்தான், அதாவது ஒட்டும்படி செய்தவள். நீங்க ரத்தம் குடுக்கலைன்னா நானும் குடுக்க மாட்டேன் என்று நேற்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சத்தியம் செய்தாள், எனக்கெதுக்குட்டி என்று மனுஷன் ஆயிரம் சாக்குச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சரி என்றார். ஐம்பத்தஞ்சு வயசாகுது, ஒரு தடவை பாத்துக்கிட்டா நல்லதுதானே என்று அவள் சொன்னாள். வெளியே யாராவது கேட்டிருந்தால் புருஷன் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்திருப்பார்கள். அக்கறையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவருக்கும் சுகர் இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

ஆசை என்று சொல்வதற்கு அவளுக்கே வாய் கூசியது, ஆனால் உள்ளே வேறு சொல் கிடைக்கவில்லை. இருநூறு வேண்டாம், மாதாவே, இருநூறெல்லாம் வேண்டாம், ஒரு நூற்றைம்பது போதும், டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, உங்களுக்கும் லேசா இருக்கு, கவனமா இருங்க என்று சொல்கிற அளவுக்கு இருந்தால் போதும். இருபத்தெட்டு வருஷமாக ஒரே பானைச் சோறு. அவள் பொங்கி, அவள் வடித்து, அவர் தட்டில் முதலில் போட்டு, மிச்சத்தைத்தான் தன் தட்டில் போட்டுக்கொள்கிறாள். சாளைக் குழம்பில் நடுத்துண்டு அவருக்கு, தலையும் வாலும் இவளுக்கு. தேங்காய் அரைத்த குழம்பை அவர் சோற்றோடு பிசையாமல் கிண்ணத்தோடு எடுத்துக் குடிப்பார். அந்தச் சோறு அவர் உடம்புக்குள் போய்ச் சோறாகவே செரித்துவிடுகிறது, இவள் உடம்புக்குள் வந்தால் மட்டும் வெல்லப்பாகு ஆகிவிடுகிறது. இது என்ன நியாயம்? ஊசி போடும்போதுகூடப் பார்த்தாள், சுகிர்தா ரப்பர் குழாயைக் கட்டியதும் மிக்கேலின் நரம்பு கூப்பிட்ட குரலுக்கு வருகிற பிள்ளை மாதிரி மேலே வந்து நின்றது. இவளுடைய நரம்பைத் தட்டித் தட்டித் தேடி, வலது கையில் ஒரு குத்து, இடது கையில் ஒரு குத்து, ஆன்ட்டி கையை மடக்கி விரிங்க, மடக்கி விரிங்க. வயசு எத்தனை ஆன்ட்டி என்று ஆறு வருஷமாகத் தெரிந்தவளிடம் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள் அந்தப் பெண். மிக்கேலிடம் பெயரும் கேட்கவில்லை, வயசும் கேட்கவில்லை, தானாகவே எழுதிக்கொண்டாள். நல்ல உடம்புக்காரனுக்கு உலகத்தில் எல்லாமே சுலபம்தான்.

இரும்பு பெஞ்சின் ஓட்டைகள் தொடையில் அழுந்தின. அவள் குனிந்து பெஞ்சின் காலைப் பார்த்தாள், அடியில் பெயின்ட் உப்பி, உப்பிய இடத்தில் செம்பழுப்பாகத் துரு எட்டிப் பார்த்தது. கிரில் பட்டறைக்காரன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது. தூத்துக்குடிக் காற்றில் உப்பு இருக்கிறது, இங்கே இரும்புக்கு ஆயுசு பாதிதான் என்று மிக்கேல் சொல்லுவார். துருவைச் சுரண்டாமல் மேலே ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்தால் பார்க்கப் பளபளவென்று இருக்கும், அடியில் அது பாட்டுக்குத் தின்றுகொண்டே போகும் என்றும் சொல்லுவார். டாக்டரும் கடைசியில் இதைத்தான் சொன்னார். முதல் வருஷம் டாக்டர் சொன்னதில் அவளுக்கு ஒரு வார்த்தைதான் பிடிபட்டது, ஸ்ட்ரெஸ். ஆக்சிடேட்டிவ் என்று முன்னால் என்னவோ போட்டார், அது போகட்டும், ஸ்ட்ரெஸ்தான் காரணம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஊரெல்லாம் சொன்னாள். கோயிலில் பக்கத்தில் முழந்தாள் படியிட்டவளிடம் சொன்னாள், மீன்காரியிடம் சொன்னாள், மனக்கவலையாலதான் எனக்குச் சுகர் வந்துச்சாம், யாரு குடுத்த கவலைன்னு நான் சொல்லணுமா என்று மிக்கேலைக் கண்ணால் காட்டினாள். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். மிக்கேலுக்கு வேறு ஒரு வார்த்தை பிடிபட்டிருந்தது. ஆக்சிடேட்டிவ் என்பது அவர் காதில் ஆக்சைடு என்று விழுந்து, பட்டறையிலிருந்து தன் சட்டையில் ஏறி வந்த ரெட் ஆக்சைடு வாடைதான் துணி துவைக்கிற இவளைப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஆறு மாதம் தன் சட்டையைத் தானே தனி வாளியில் துவைத்தார். அவள் தடுக்கவில்லை. நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடைசியில் ஒரு நாள் இரண்டு பேரையும் உட்கார வைத்து டாக்டர் சிரித்தார். அம்மா, இது மனசு ஸ்ட்ரெஸ் இல்ல, அண்ணாச்சி, இது உங்க பெயின்டும் இல்ல என்றார். உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் சின்னச் சின்ன அடுப்பு இருக்கிறதாம், சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுக்கிற அடுப்பு. அளவாகப் போட்டால் அளவாக எரியும். மேலும் மேலும் அள்ளித் திணித்தால் பொறி பறக்கும். பொறி என்றால் நெருப்புப் பொறி இல்லை, உடைந்த ஆக்சிஜன், கண்டதையெல்லாம் கடிக்கிற ஆக்சிஜன். அந்தப் பொறியை அணைக்க உடம்பிலேயே ஆள் உண்டு, பொறி கொஞ்சமாக இருக்கிற வரைக்கும் அவர்கள் அணைத்துவிடுவார்கள். பொறி மிஞ்சிப் போனால் அதற்குப் பெயர்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். நீங்க கேட் செய்றவரு, உங்களுக்குப் புரியும், அணுவுக்கு ஒரு கேட் இருக்கு, இன்சுலின் வந்து தட்டுனா உள்ள சேதி போய்க் கேட் திறக்கும், சக்கரை உள்ள போவும். இந்தப் பொறி சேதி போற வழியைக் கெடுத்துடும், கீல்ல துரு ஏறுன மாதிரி. இன்சுலின் தட்டும், தட்டிக்கிட்டே இருக்கும், கேட் திறக்காது. சக்கரை ரோட்டிலேயே நிக்கும், ரத்தத்துல. நிக்கிற சக்கரை மறுபடி பொறியைக் கிளப்பும், கணையத்துக்குப் போயி இன்சுலின் செய்றவனையே கடிக்கும், அவங்கிட்ட அணைக்கிற ஆள் ரொம்பக் குறைச்சல். இது ஒண்ணுதான் காரணம்னு சொல்லலை, பரம்பரை இருக்கு, வயித்துக் கொழுப்பு இருக்கு, உக்காந்தே இருக்கிறது இருக்கு, ஆனா இதுவும் உள்ள ஒரு கை. பேப்பர்ல நம்பர் வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாலயே துரு ஏற ஆரம்பிச்சிருக்கும். அப்ப துருவை எடுக்க ஏதாச்சும் மாத்திரை உண்டா டாக்டர் என்று மிக்கேல்தான் கேட்டார். அப்படி டப்பாவில் விற்கிறதையெல்லாம் நம்பாதீங்க, நடங்க என்றார் டாக்டர். நடந்தால் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் தானே வேறு வழியாகச் சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும், பொறியை அணைக்கிற ஆளும் கூடும் என்றார். கேட்டுக்குப் பக்கத்துல சின்னக் கதவு என்று மிக்கேல் சொல்லி, டாக்டர் ஆமா என்று சந்தோஷப்பட்டார். ஜெனோவாவுக்கு அப்போதே வயிறு எரிந்தது. வியாதி எனக்கு, புரிவது இவருக்கு.

அதற்குப் பிறகு எத்தனை நாள் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். துரு ஏற வேண்டிய உடம்பு யாருடையது? காலையிலிருந்து சாயங்காலம் வரை இரும்பைத் தேய்த்து அந்தப் பொடியைச் சுவாசிக்கிறவர், வெல்டிங் பொறியில் நிற்கிறவர், நாற்பது வயசு வரை பீடி குடித்தவர், ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் டீக்கடைக்காரனே முகம் சுளிக்கிற அளவுக்குச் சர்க்கரை. பொறிக்குள்ளேயே வாழ்கிற மனுஷனுக்கு உள்ளே ஒரு பொறி இல்லை. இவள் என்ன பாவம் செய்தாள்? பீடியா, குடியா, வெளியே ஒரு பரோட்டா உண்டா? பிள்ளைத்தாச்சியாக இருந்தபோதே லேசாக சுகர் எட்டிப் பார்த்தது என்றார்கள், பிள்ளை பிறந்ததும் போய்விட்டது என்றார்கள், போகவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறது. அந்தப் பிள்ளையும் வளர்ந்து கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டாள். சுகர் வந்த வழி இது. மிக்கேல் பிள்ளை பெறவில்லை, அதனால் அவருக்கு வரவில்லை. அவள் பக்கவாட்டில் பார்த்தாள். பேப்பரை நாலாக மடித்து மூக்குக்குக் கிட்டே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார், வயிறு ஒட்டி, கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. இந்த இரண்டு வருஷத்தில் ஆள் இளைத்துவிட்டார், ஊரில் எல்லாரும் என்ன அண்ணாச்சி வாலிபம் திரும்புது என்று கேலி செய்கிறார்கள். அதுவும் அவருக்குத்தான். இவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அரை கிலோ குறைந்தால் அடுத்த மாதம் ஒரு கிலோவாகத் திரும்பி வருகிறது, அவர் ஒன்றுமே செய்யாமல் ஒன்பது கிலோ குறைகிறார்.

ஒன்பதே கால்தான் ஆகியிருந்தது. நாக்கு வறண்டது, தண்ணீர் குடிக்கலாம், தண்ணீருக்குத் தடையில்லை. நாக்கைப் பல்லில் உரசிக்கொண்டாள். நாக்கு நுனியில் இடது பக்கம் கடுகளவு கறுப்பு மச்சம் ஒன்று உண்டு, பிறவியிலேயே வந்தது. சின்ன வயசில் கரிநாக்கு என்று தெருவே அழைத்தது. நாளைக்கு மழை பெய்து பள்ளிக்கூடம் லீவு விடும் என்றாள், பெய்தது. உங்க கோழி செத்துப் போகும் என்று ஏதோ கோபத்தில் எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள், மூன்றாம் நாள் செத்தது. நல்லதாக எத்தனை சொல்லியிருப்பாள், அது பலித்ததா பலிக்கவில்லையா என்று ஒருத்தரும் கணக்கு வைக்கவில்லை. கெட்டது ஏதாவது வாயில் வந்துவிட்டால் அம்மா உப்புக் கல்லை எடுத்து அவள் நாக்கில் வைத்து, துப்புட்டி, மூணு தரம் துப்பு என்பாள். அது பழகிப்போய்க் கல்யாணத்துக்குப் பிறகும் கோபத்தில் ஏதாவது சொல்லிவிட்டால் அவளே அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைத் திறப்பாள். மிக்கேல் சிரிப்பார். நீ துப்புன உப்புல ஒரு உப்பளமே போடலாம் என்பார். அந்த மாதா திருவிழா அன்றைக்கு மட்டும் அவள் உப்பு வைக்கவில்லை.

அதை நினைக்கக்கூடாது என்று கடிகாரத்தைப் பார்த்தாள், தக்காளியைப் பார்த்தாள், பிறகு நினைத்தாள். இந்த ஆகஸ்ட் வந்தால் இரண்டு வருஷம். திருவிழா மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை, மிக்கேல் கடையிலிருந்து மக்ரூன் பொட்டலம் வாங்கி வந்து மேசை மேல் பிரித்து வைத்தார். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும், வெள்ளை வெளேரென்று, முனை சுழித்து. கடித்தால் முதலில் மொறுமொறு, உடனே நாக்கில் காணாமல் போகும், இனிப்பு மட்டும் நிற்கும். நாலு வருஷம் அவள் அதைத் தொடவில்லை. ஒண்ணு எடுத்துக்கோயேன், திருநாளும் அதுவுமா, ஒண்ணுல என்ன வரப்போவுது என்று அன்பாகத்தான் சொன்னார், சொல்லிக்கொண்டே தன் வாயில் ஒன்றைப் போட்டு, கண்ணை மூடி, ம் என்றார். அந்த ம் தான் அவளைக் கொன்றது. உங்களுக்கும் வரணும், எனக்கு வந்த மாதிரியே உங்களுக்கும் வரணும், அப்பத்தான் தெரியும் என்று நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். மிக்கேல் மெல்லுவதை நிறுத்தினார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள், உப்பு ஜாடியைப் பார்த்தாள், மூடியில் கை வைத்தாள், திறக்காமலே கையை எடுத்துவிட்டாள். பலிக்கட்டும் என்றுதான் எடுத்தாள், வேறு என்ன சொல்வது. ஆனால் பலிக்கவில்லை. ஊருக்கெல்லாம் பலித்த நாக்கு இந்த ஒரு மனுஷன் விஷயத்தில் மட்டும் செத்துப்போனது. பலிக்கவில்லையே என்று ஏமாந்தாளா, நல்லவேளை என்று மூச்சு விட்டாளா என்று அவளுக்கே தெரியாது, இரண்டும்தான்.

அதற்குப் பிறகு அவர் அவள் முன்னால் இனிப்புத் தின்னுவதில்லை. அதையும் அவளால் பொறுக்க முடியவில்லை. மக்ரூன் வாங்குவார், ஒன்றிரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பொறவு தின்னுக்கிடுதேன் என்று பட்டறைக்குப் போய்விடுவார். வீட்டில் டீ வேண்டாம், கடையிலேயே குடித்துவிட்டேன் என்பார். இவள் வாடிய முகத்தைப் பார்க்காமல் நிம்மதியாகத் தின்னத்தான் இந்த ஏற்பாடு என்று அவளுக்குத் தெரியாதா? போன மாதம் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கைவிட்டபோது ஒரு முழு மக்ரூன் இருந்தது, ஈரத்தில் பிசுபிசுவென்று. வாங்கிப் பையில் போட்டு, தின்ன மறந்துபோயிருக்கிறார். அவள் அந்தப் பிசுபிசுப்பைக் கையில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். இனிப்பை மறக்க முடிகிற உடம்பு எப்படிப்பட்ட உடம்பாக இருக்கும்? அவள் ஒரு நாளில் ஒரு நிமிஷம்கூட அதை மறந்ததில்லை. விடிகாலையில் எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வருவார், மீன் விலை பார்த்துட்டு வந்தேன் என்பார், கையில் மீன் இருக்காது. ஒரு வாரம் அவளுக்கு வேறு சந்தேகம்கூட வந்தது, பின்னாலேயே போய்ப் பார்த்தாள், மனுஷன் பழைய துறைமுகத்துப் பக்கம் கையை வீசிக்கொண்டு தனியாக நடந்துகொண்டிருந்தார். யாராவது ஒருத்தி இருந்திருந்தால்கூடத் தேவலை, தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஒருத்தருடைய கணையத்தை எந்த முடியைப் பிடித்து உலுக்குவது?

பாதம் எரிய ஆரம்பித்தது. செருப்பைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள், கட்டைவிரல் அசைகிறது, சுண்டுவிரல் அசைகிறது, நடுவில் ஒன்று அசைகிறதா அசைவதாக நினைக்கிறாளா தெரியவில்லை. எதிர்பெஞ்சில் ஒரு கிழவர் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார், கட்டுக்கு முன்னால் விரல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு முடிந்துவிட்டது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். தான்தான் முதலில் போவாள், அது நிச்சயம். கண் மங்கும், கால் போகும், சிறுநீரகம் போகும், மிக்கேல் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் எல்லாம் செய்வார், செய்கிற மனுஷன்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எல்லாம் முடிந்து கல்லறையில் பூப்போட்டுவிட்டு வந்து, ஒட்டிய வயிறோடு, எழுபது எழுபத்தைந்து வயசு வரை, சாயங்கால வெயிலில் உட்கார்ந்து மக்ரூன் தின்பார். ம் என்பார். துணைக்கு ஒருத்தர் வேண்டும் என்று நினைப்பது பெரிய பாவமா? கடற்கரைக்குப் போனால் துணை, கோயிலுக்குப் போனால் துணை, பட்டினிக்கு மட்டும் துணை கிடையாது. அவருக்கும் வந்துவிட்டால் இரண்டு பேரும் ஒன்றாகப் பாகற்காய் தின்னலாம், ஒன்றாக முகம் சுளிக்கலாம், உனக்கு எவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று சண்டை போடலாம். அவ்வளவுதான் அவள் கேட்டது. வேணும் மாதா, ஒரு நூற்றைம்பது. உடனே இட்லிக்கடையில் அவர் கை கழுவப் போன இடம் ஞாபகம் வந்தது, தண்ணீர் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய் வெகு நேரம் திரும்பி நின்றார், முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. அந்த முதுகைப் பார்த்து ஒரு கணம் வேண்டாம் மாதா என்றாள். பிறகு வடையை அவர் தொடாமல் தட்டிலேயே விட்டுவிட்டு வந்ததைப் பார்த்ததும் மறுபடி எரிந்தது, வடையைக்கூட மீதி வைக்கிற திமிர்.

பத்து நாற்பதுக்கு மறுபடி ஊசி. இந்தத் தடவையும் அவர் நரம்பு ஓடி வந்தது, இவளுடையது ஒளிந்துகொண்டது. அரை மணி நேரத்தில் பேப்பர் வரும் என்றாள் சுகிர்தா. பேப்பரை நானே வாங்கிக்கிடுதேன், நீ உக்காந்திரு, நீ உக்காந்திரு என்று மிக்கேல் இரண்டு தடவை சொன்னார். அவர் முகம் வேர்த்திருந்தது. முதல் தடவை என்றால் அப்படித்தான், பயம் என்று ஜெனோவா நினைத்துக்கொண்டாள், கொஞ்சம் இனித்தது. பதினொன்றுக்கு அவர் போன் அடித்தது, பட்டறையிலிருந்து, கேட் அளவில் என்னவோ தகராறு, உள்ளே சத்தம் கேட்கவில்லை என்று காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் செருப்பு படியில் இறங்கிய சத்தம் அடங்குவதற்குள் கவுன்டரில் சுகிர்தா இல்லாத வேறொரு பெண் ஜெனோவா, மிக்கேல் என்று இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டாள். அவள் எழுந்தாள். போய் வாங்கினாள். இரண்டு காகிதம், இன்னும் பிரின்டர் சூடு ஆறாதது.

தன்னுடையதை முதலில் பார்த்தாள், ஏன் என்று தெரியவில்லை, பயம் பழகிய இடத்துக்குத்தானே போகும். வெறும் வயிற்றில் நூற்று அறுபத்தெட்டு, சாப்பிட்டு இருநூற்று ஐம்பத்தொன்று. பக்கத்தில் முந்தைய அளவுகள் என்ற கட்டத்தில் ஆறு வருஷத்துப் பழைய எண்கள் வரிசையாக. இந்தக் காகிதத்தை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு படிக்கத் தெரியும். பிறகு அவருடையதை எடுத்தாள். சாப்பிட்டு நூற்று நாற்பத்திரண்டு. அவ்வளவுதானா என்று வந்தது, நூற்றைம்பது கேட்டதற்கு எட்டு குறைத்துக் கொடுத்திருக்கிறாள் மாதா. காகிதத்தை மடிக்கப்போனவள் நிறுத்தினாள். முதல் தடவை ரத்தம் கொடுக்கிறவருக்கு முந்தைய அளவுகள் கட்டம் காலியாக இருக்க வேண்டும். காலியாக இல்லை. ஏழு எண் இருந்தது. நூற்று நாற்பத்தெட்டு, நூற்று ஐம்பத்தொன்று, நூற்று ஐம்பத்தெட்டு, கீழே போகப்போகக் கூடிக்கொண்டே போய், கடைசியில், அதாவது எல்லாவற்றுக்கும் முதலில், இருநூற்று இருபத்தாறு. தேதி ஆகஸ்ட் ஒன்பது. வருஷத்தைப் பார்த்தாள். திருவிழாவுக்கு நாலாம் நாள். பெயரைப் பார்த்தாள், வேறு ஏதோ மிக்கேல் என்று ஒரு நிமிஷம் நம்பிப் பார்த்தாள், போன் நம்பர் அவருடையது, வயசு அவருடையது. அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மாதா சாட்சியாக அதுதான் முதலில் வந்தது, பலித்திருக்கிறது, பலித்திருக்கிறது என்று நெஞ்சு குதித்தது, அதன் பிறகுதான் நாக்கு நுனியில் அந்தக் கடுகளவு இடம் சுட்டது. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மறந்துபோன மக்ரூன் மறந்துபோனது இல்லை. மீன் வாங்காத மீன் விலை, ஒன்பது கிலோ, டம்ளரோடு திரும்பி நின்ற முதுகு, விழுங்கினது மாத்திரை. இரண்டு வருஷமாக ஒரு வியாதிக்காரனைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டிருக்கிறாள்.

மிக்கேல் உள்ளே வந்தார். அவள் கையில் இரண்டு காகிதத்தையும் பார்த்ததும் வாசலிலேயே நின்றார், பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், போனைத் துடைத்தார், பையில் போட்டார். எவ்வளவோ கேட்க இருந்தது, அவள் வாயில் வந்தது இதுதான்.

"அந்த மக்ரூனையெல்லாம் யாருக்குக் குடுத்திய?"

"பட்டறை நாய்க்கு" என்றார். "அதுக்கும் இந்நேரம் சுகர் இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"நீ அன்னைக்கு உப்பு வைக்கலை. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ சொன்னா பலிக்கும்னு பயந்துதான் நாலாம் நாள் வந்து ரத்தம் குடுத்தேன். இருந்துச்சு. இது பத்து வருசத் துரு அண்ணாச்சி, இப்பவாவது வந்தீங்களேன்னாரு டாக்டரு. உன் நாக்குலயா வந்துச்சு? உன் நாக்கு என்னைய இங்கன கொண்டாந்து விட்டுச்சு, அவ்வளவுதான். ஆனா உங்கிட்ட சொன்னா நம்புவியா? நீ அதையே நெனச்சு நெனச்சு செத்துருவ. அதான் இந்த லேப் பிள்ளைட்டயும் உங்கிட்ட சொல்லாதன்னு சொல்லி வச்சேன்."

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும், கைக்குட்டையை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டார். அழுகை வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் அவள் கண் மறுபடி காகிதத்துக்குப் போனது. நூற்று நாற்பத்திரண்டு. இருநூற்று ஐம்பத்தொன்று. வியாதியில்கூட அவர்தான் முந்திக்கொண்டார். ஆறு வருஷம் அவள் தட்டிக்கொண்டிருக்கிற கேட்டை இரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் எப்படித் திறந்தார்?

"எப்படிக் கொறச்சிய?"

"நடந்தேன்."

"தினமுமா?"

"தினமும்."

கடற்கரை, பழைய துறைமுகம், விடிகாலை உப்புக் காற்று, கையை வீசிக்கொண்டு போகிற தனி ஆள். இரண்டு வருஷம், எழுநூறு காலை. அவள் கேட்ட துணை அவள் கேட்பதற்கு முன்னாலேயே பக்கத்துப் பாயிலிருந்து ஓசைப்படாமல் எழுந்து தனியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நாக்கு, உப்பு, சாபம் எல்லாம் எங்கோ போய்விட்டது. இந்த ஒன்றை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னைய விட்டுட்டு நடந்திருக்கிய" என்றாள். மிக்கேல் கைக்குட்டையை நீட்டினார், அவள் வாங்கவில்லை, இரண்டு காகிதத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒரே மடிப்பாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு எழுந்தாள். வாசலில் அவர் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, ஏறு என்பது போலப் பின்சீட்டைத் துடைத்தார். அவள் ஏறவில்லை. பதினொன்றே கால் வெயிலில், எரிகிற பாதத்தோடு, வீட்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போனதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் பின்னால் கேட்டது, அவர் பக்கத்தில் வந்து சேருகிற வரைக்கும் அவள் மெதுவாகவே நடந்தாள்.